ஏழாம் பக்கத்தில் ஆள் இல்லை

சுதந்திரம் வருவதற்குப் பதினோரு நாள் முன்னால், சுதந்திர நாட்டைப் பற்றிய புத்தகம் வந்து இறங்கியது. ஃபிஜியில் அச்சாகி, கொப்பரைக் கப்பலில் உப்புக்காற்று வாங்கி, ஒன்பது அட்டைப்பெட்டிகளாகத் தலைநகர்த் தீவான தராவாவில் கரையேறியது. அட்டையில் பொன்னெழுத்தில் 'நமது நாடு: ஒரு பார்வை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. உள்ளே பதினாறு பக்கம். அதில் நான்கு பக்கம் முன்னுரை. முன்னுரையில் மூன்று பேருக்கு நன்றி சொல்லியிருந்தது. மூன்று பேரும் வெள்ளைக்காரர்கள்.

செய்திப் பிரிவில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் பார்த்துவந்தவள் நேய் பெரேயா. எங்கள் பக்கம் மரியாதைக்குப் பெண் பெயருக்கு முன்னால் 'நேய்' போடுவோம், ஆண் பெயருக்கு 'டென்'. பிரிவுத் தலைவர் ஒரு பிரதியை அவள் மேஜையில் போட்டார்.

"நம்ம பாஷைல ஆக்கிக் குடு. பதினொண்ணாம் தேதி மனேயாபாவுல, எல்லாத் தீவுக்காரங்களும் கூடற மண்டபத்துல, நீதான் படிக்கப் போற. ரேடியோவுலயும் போகுது. எல்லாத் தீவும் கேக்கும், தொண்டையப் பாத்துக்கோ."

பெரேயா தாளைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் பக்கத்தில் கடல் பெரியது, நிலம் சிறியது என்று இருந்தது. அதை ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில், இம்மக்கள் சிரித்த முகம் உடையவர்கள், பாட்டில் நாட்டம் மிக்கவர்கள், நாளையைப் பற்றி யோசிக்காதவர்கள் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில் வரலாறு. அது 1892-இல், முதல் கொடிக்கம்பம் நட்ட அன்று காலை தொடங்கியது. அதற்கு முன்பு இரண்டாயிரம் வருஷம் இங்கே எல்லோரும் அந்தக் கம்பத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. பெரேயா பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். சம்பளம் வாங்குகிற கை, சொன்னதை அடிக்கும்.

ஏழாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

'பிக்கெந்தாக்கே. மக்கள்: இல்லை. பன்றி: இல்லை. ஓடம்: இல்லை. கிணறு: இல்லை. நீண்டகாலக் குத்தகைக்கு மிகவும் ஏற்ற தீவு.'

பெரேயா பிறந்தது பிக்கெந்தாக்கேயில். அன்று காலை அவள் தின்றுவிட்டு வந்த கருவாடு அவள் அம்மா அங்கிருந்து அனுப்பியது. இல்லாத தீவில், இல்லாத ஓடத்தில் போய்ப் பிடித்த மீனை இல்லாத அம்மா காயவைத்து அனுப்பியிருக்கிறாள். அதன் முள் ஒன்று இன்னும் பல்லிடுக்கில் குத்திக்கொண்டிருந்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் நேரே ஆலோசகர் டாக்டர் பில்ப்ரோவின் அறைக்குப் போனாள். புத்தகத்தை எழுதியவர் அவர்தான். நல்ல மனிதர். பூனைக்குக்கூட 'தயவுசெய்து' போட்டுத்தான் பேசுவார்.

"நீங்க பிக்கெந்தாக்கே போனீங்களா?"

"போனேன். மார்ச் பதினாலு. நாலு மணி நேரம் இருந்தேன்."

"அங்க யாருமே இல்லையா?"

"கரையில ஒரு நாப்பது பேர் நின்னாங்க. எனக்கு மாலை போட்டாங்க. பாட்டுப் பாடினாங்க. சாப்பாடு பிரமாதம், அந்தப் பன்றிக்கறிய நான் இன்னும் மறக்கல."

"அந்தப் பன்றி எங்கேருந்து வந்துது?"

பில்ப்ரோ உண்மையாகவே யோசித்தார். "அந்தக் கேள்வி என் கேள்வித்தாள்ல இல்லையே."

"நாப்பது பேரப் பாத்துட்டு ஆள் இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"பாருங்க நேய் பெரேயா, கண்ணால பாக்கறது வேற, தகவல் வேற. பாக்கறவனோட அபிப்பிராயத்த நான் சேர்க்கறதில்ல. அது முறை இல்ல. உங்க பெரியவர்கிட்டக் கேட்டேன், அவர் சொன்னத அப்படியே எழுதினேன். உங்க ஜனங்களோட வார்த்தைய மதிக்க வேண்டாமா?"

அவர் தன் நோட்டைப் பிரித்துக் காட்டினார். கேள்விகள் வரிசையாக இருந்தன. பன்றி எத்தனை? அக்கேயா. ஓடம் எத்தனை? அக்கேயா. உடல் வலுவுள்ள ஆண்கள் எத்தனை பேர்? பெண்கள்? குழந்தைகள்? அக்கேயா, அக்கேயா, அக்கேயா. 'இல்லை'க்கு எங்கள் பேச்சில் அதுதான் வார்த்தை. கடைசியில், 'பதிலளித்தவர்: டென் ஊரியாம்' என்று இருந்தது.

ஊரியாம் பெரேயாவின் தாய்மாமன். பெயரைப் பார்த்ததுமே நடந்தது என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் புபுசி என்று ஒன்று உண்டு. ஒருவர் உன்னை உறவுமுறையில், 'இது எனக்கு வேணும், குடு' என்று கேட்டுவிட்டால் கொடுத்தே ஆகவேண்டும். மறுத்தவன் அந்த முகத்தை வைத்துக்கொண்டு பிறகு ஊரில் நடமாட முடியாது. சைக்கிள் போயிருக்கிறது, கைக்கடிகாரம் போயிருக்கிறது, இடுப்பிலிருந்த கைலி போனதும் உண்டு. அதனால் எவனாவது, 'உங்ககிட்டப் பன்றி எத்தனை இருக்கு' என்று ஆரம்பித்தால், விவரமுள்ளவன் இல்லையென்றுதான் சொல்வான். அந்த நேரத்தில் பன்றி அவன் காலை உரசிக்கொண்டு நின்றாலும் சரி. கேட்கிற விவரமுள்ளவனும் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள மாட்டான். எழுதிக்கொண்டவர் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"இத மாத்தணும்," என்றாள் பெரேயா.

"அச்சாயிடுச்சே," என்றார் பில்ப்ரோ மிகவும் வருத்தமாக. "அமைச்சர்கிட்டப் பேசிப் பாருங்க, தயவுசெய்து."

அமைச்சர் நபுவாக்கா அப்போது காலணி போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தார். சுதந்திரத்தன்று காலணி போடவேண்டும் என்று தீர்மானம். அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நாரை மாதிரி நடந்துகொண்டே பேசினார். அவர் பிக்கெந்தாக்கேக்குப் பக்கத்துத் தீவுக்காரர். வாலிபத்தில் பாதி நாள் பிக்கெந்தாக்கேக்காரர்களின் தென்னையில் இறக்கிய கள்ளைக் குடித்து வளர்ந்த உடம்பு அது.

"உங்களுக்குத் தெரியாதா, டென் நபுவாக்கா? நூத்தி அறுபத்திமூணு பேரு இருக்கோம்."

"எனக்குத் தெரியும் நேய்கோ. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? புஸ்தகத்துக்குத் தெரியலையே."

"புஸ்தகத்துக்கு நீங்க சொல்லுங்க."

அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். பாதம் இரண்டும் வெந்த நண்டு மாதிரி இருந்தன. "உன்கிட்ட ஒளிக்கறதுக்கு என்ன, நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு. கொண்டாட்டம் முடிஞ்ச திங்கக்கிழமை ஒரு கம்பெனிக்காரன் கையெழுத்துப் போடறான். சொகுசு விடுதி கட்டப் போறான், தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகை. ஆள் இல்லாத தீவு வேணும்னு உலகமெல்லாம் தேடி, ஃபிஜியில அச்சாகறப்பவே இந்தப் புஸ்தகத்தப் பாத்துட்டு வந்திருக்கான். ஆள் இருந்தா அவங்கள ஒரு வார்த்தை கேக்கணும். கேக்கணும்னா கூட்டம் போடணும். நம்ம கிழவனுங்க கூட்டத்துல உக்காந்தா மூணு மாசம் எந்திரிக்க மாட்டானுங்க. ஆள் இல்லேன்னா எவ்வளவு சௌகரியம் பாரு."

"அந்த நூத்தி அறுபத்திமூணு பேரு எங்க போவாங்க?"

"எந்த நூத்தி அறுபத்திமூணு பேரு? பக்கத்தக் காட்டு."

பெரேயா ஏழாம் பக்கத்தை மூடினாள். கோபம் வந்தால் அவளுக்குக் காது மடல்தான் முதலில் சுடும். இரண்டு மடலும் எரிந்தன. இத்தனை வருஷம் வெள்ளைக்காரன் ஆண்டபோதுகூடப் பிக்கெந்தாக்கேயில் ஆள் இருந்தார்கள். வரி வாங்க வந்தவன் ஒருமுறைகூட ஆள் இல்லையென்று திரும்பிப் போனதில்லை. நம் ஆட்சி வருகிற நேரத்தில்தான் ஆள் இல்லாமல் போகிறார்கள்.

"பதினொண்ணாம் தேதி உள்ளத உள்ளபடி படி," என்றார் அமைச்சர். "ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. இல்லேன்னா உன் மேஜைல வேற ஆள் உக்காரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பத்தாம் தேதி தீவுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கொண்டாட்டத்துக்கு எல்லாத் தீவும் ஆடவேண்டும் என்று உத்தரவு போயிருந்தது. உத்தரவு போட்டவர்கள் புத்தகம் வருவதற்கு முன்பே போட்டுவிட்டதால், ஆள் இல்லாத பிக்கெந்தாக்கேயிலிருந்தும் நாற்பத்தொரு பேர், தாழம்பாய்ப் பாவாடையும் மாலையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தது.

ஆனால் உட்கார இடம் இல்லை. மனேயாபா என்றால் கூரையும் தூணும் மட்டுமில்லை. எந்தத் தூணுக்கு நேரே யார் உட்காருவது என்பதுதான் மனேயாபா. இடம் இல்லாதவன் ஊர் இல்லாதவன். கொண்டாட்டத்துக்காகக் கட்டிய புதுக் கட்டடத்தில் தீவு வாரியாக இடம் பிரித்து, தூணுக்குத் தூண் அட்டை ஆணியடித்திருந்தார்கள். பிரித்த குமாஸ்தா புத்தகத்தைப் பார்த்துப் பிரித்திருந்தான்.

"எங்க அட்டை எங்கப்பா?" என்று ஊரியாம் அவனைக் கேட்டார்.

"உங்க தீவுல யாரும் இல்ல பெரியவரே."

"நான் யாரு?"

குமாஸ்தா தாளைப் புரட்டினான். "அது இதுல இல்ல. சமையக்கொட்டாய்ப் பக்கம் பாத்திரம் கழுவற இடத்துல நிழல் இருக்கு. ஆட்டத்துக்குக் கூப்பிடும்போது வாங்க."

பெரேயா அங்கேதான் அவர்களைக் கண்டுபிடித்தாள். அண்டாக்களுக்கு நடுவே அவளுடைய மாமன் கைலியை மடித்து உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய தம்பி மனைவி நேய் தவீத்தா ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மாமா அக்கேயா, அக்கேயான்னு சொன்னீங்க? பன்றி இல்லன்னா சரி. மனுஷனுமா இல்ல?"

"வாம்மா, நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு கேக்கறதில்ல? வந்ததும் சண்டை," என்றாள் தவீத்தா. "நானே கேட்டுட்டேன். அந்தாளு என்னப் பாத்து 'பொம்பளைங்க எத்தனை'ன்னு கேக்கறான், இவரு இல்லங்கறாரு. நான் பக்கத்துல உக்காந்து அவனுக்கு இளநீர் வெட்டிக்கிட்டிருக்கேன்."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றார் ஊரியாம். சுருட்டை அணைத்தார். "பெரேயா, எங்கப்பா காலத்துல இதே மாதிரி ஒருத்தன் நோட்டோட வந்தான். வலுவுள்ள ஆம்பளை எத்தனை பேருன்னு கேட்டான். எங்கப்பாவுக்குப் பெருமை தாங்கல. விரல் விட்டு எண்ணிச் சொன்னாரு, பதினேழு பேருன்னு. பதினேழு பேரையும் பாறை வெட்டக் கப்பல்ல ஏத்திட்டுப் போனான். ஒம்போது பேரு திரும்பி வந்தாங்க, அதுல ரெண்டு பேருக்கு நுரையீரல் இல்ல. அதுக்கப்பறம் நோட்டப் பாத்தா எங்க ஊர்ல எண்ணிக்கை சொல்றதில்ல. ஆள் இருக்குன்னா கூட்டிட்டுப் போறான். ஆள் இல்லன்னா உக்கார எடமே இல்லங்கறான். நான் என்னதான் சொல்லியிருக்கணும், நீ படிச்சவ, சொல்லு."

பெரேயா அவர் எதிரே உட்கார்ந்தாள். குத்தகை விஷயத்தை அவள் சொன்னாள். அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்திக் கேட்டார்கள். "அப்ப ஆள் இல்லன்னா ஊரையே கூட்டிட்டுப் போறான்," என்றார் ஊரியாம். தவீத்தா, "எம் புள்ளைங்கள விட்டுட்டு வந்த இடம்?" என்று கேட்டுவிட்டு, விசிறியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை மனேயாபா நிறைந்திருந்தது. அட்டை உள்ள தூண்களுக்கு நேரே அட்டை உள்ள தீவுகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தன. முன்வரிசையில் நாற்காலிகள், அவற்றில் அமைச்சர்கள், நாலு தேசத்துத் தூதர்கள், டாக்டர் பில்ப்ரோ. அவருக்குப் பக்கத்தில் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனிக்காரர். எல்லோர் கையிலும் பொன்னெழுத்துப் புத்தகம். வெயிலுக்கு அதுதான் விசிறி. பாதிரியார் ஜெபம் செய்தார். அமைச்சர் நபுவாக்கா காலணி கறுபுறுவென்று ஒலிக்க எழுந்து, உலகம் இனி நம்மைத் திரும்பிப் பார்க்கும் என்று அரைமணி பேசினார். பிறகு பெரேயாவின் முன்னால் ஒலிபெருக்கியை வைத்தார்கள். வானொலிக்காரன் கட்டைவிரலைத் தூக்கினான்.

புத்தகத்துக்குள் செருகியிருந்த தன் மொழிபெயர்ப்பை அவள் உள்ளது உள்ளபடி படித்தாள். கடல் பெரியது. நிலம் சிறியது. சிரித்த முகம். கொடிக்கம்பம். கிழவர்கள் தலையாட்டினார்கள், வரலாறு 1892-இல் தொடங்கியது என்ற இடத்தில் இரண்டு பேர் தூங்கியும் போனார்கள். ஏழாம் பக்கம் வந்தது.

"பிக்கெந்தாக்கே," என்று படித்தாள். "மக்கள்: இல்லை."

விசிறிகள் நின்றன. சமையற்கொட்டகைப் பக்கம் யாரோ இருமினார்கள். தீவுக்காரர்கள் எல்லோருக்கும் பிக்கெந்தாக்கே தெரியும். பாதிப் பேருக்கு அங்கே சம்பந்தி உண்டு. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரேயா புத்தகத்தை மடியில் வைத்தாள். காது மடல் எரிந்தது. குரல் மட்டும் சீராக இருந்தது.

"டென் நபுவாக்கா, எனக்கு உங்ககிட்ட ஒண்ணு வேணும். உறவுமுறையில கேக்கறேன். எல்லாரும் கேக்கக் கேக்கறேன்."

தூங்கிய இரண்டு பேரும் விழித்துக்கொண்டார்கள். ஒரு குமாஸ்தாப் பெண், மனேயாபாவில், வானொலியில், அமைச்சரிடம் புபுசி கேட்கிறாள். இப்படி ஒன்று நடந்ததே இல்லை. நடக்கக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. அமைச்சரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. வலதுகை மட்டும் மெல்ல நகர்ந்து இடதுகைக் கடிகாரத்தை மூடியது. அந்த மாதத்தில் ஏற்கெனவே ஒன்று போயிருந்தது.

"கேளு நேய்கோ, கேளு," என்றார். வேறென்ன சொல்ல முடியும்?

"ஏழாம் பக்கத்துல, எங்க ஊருக்கு எதிர, மக்கள்ங்கற எடத்துல ஒரு வார்த்தை போட்டிருக்கு. 'இல்லை'ன்னு. அந்த வார்த்தைய எனக்குக் குடுத்துடுங்க."

அமைச்சருக்குப் போன உயிர் வந்தது. கடிகாரத்திலிருந்து கையை எடுத்தார். தூதர்கள் பக்கம் திரும்பி, இது எங்கள் பழக்கம் என்கிற மாதிரி ஒரு புன்னகை காட்டினார். "ஒரு வார்த்தைதானே? எடுத்துக்கோ. உனக்கில்லாததா?"

பெரேயா பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தாள். பேனா தாளைக் கீறிய சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

"குடுத்துட்டாரு. நான் வாங்கிக்கிட்டேன். உங்க கையில இருக்கற புஸ்தகத்துலயும் அடிச்சிடுங்க, அது இப்ப எங்க வீட்டுப் பொருள்." அங்கங்கே பேனா தேடினார்கள். "இப்ப அந்த எடம் காலியா இருக்கு. ஒரு வார்த்தை கூட்டாதேன்னு எனக்கு உத்தரவு, அதனால நான் ஒண்ணும் போடப் போறதில்ல. இருக்கறவங்க யாராவது இருந்தா அவங்களே வந்து சொல்லிக்கட்டும்."

சமையற்கொட்டகைப் பக்கமிருந்து ஊரியாம் வந்தார். மனேயாபாவுக்குள் நிமிர்ந்து நடக்கக்கூடாது என்பதால் குனிந்தே வந்து, ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"ஊரியாம்," என்றார். நகர்ந்துகொண்டார்.

"தவீத்தா. எம் புள்ளைங்க வரல, ஊர்ல இருக்காங்க. நபோவா, தெரீனா, இயோவானே, அப்பறம் கைப்புள்ள, அதுக்கு இன்னும் பேரு வைக்கல, அதையும் சேத்துக்கோங்க."

ஆட்டக்காரர்கள் மாலையும் எண்ணெய் பூசிய உடம்புமாக ஒவ்வொருவராக வந்தார்கள். தன் பெயரைச் சொன்னார்கள். ஊரில் இருப்பவர்கள் பெயரைச் சொன்னார்கள். கண் தெரியாதவர் பெயர், நேற்று முளைத்த பல்லுக்காரி பெயர். பாறை வெட்டப் போய்த் திரும்பாத எட்டுப் பேரின் பெயரையும் ஒருவர் சொல்லிவிட்டார்; அதைத் தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னார். யார் எழுதுகிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. பிக்கெந்தாக்கேயில் இருந்த ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி அந்நேரம் எல்லோரும் உட்கார்ந்து, தங்கள் பெயர் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அமைச்சரின் சொந்தத் தீவுக் கிழவர் ஒருவர் தன் பாயை இழுத்தார். "நகந்து உக்காருங்கடா. எத்தன நேரம் நடுவுல உக்காருவாங்க?" அந்தத் தூணுக்குக் கீழே இடம் விழுந்தது. பெயர் சொன்னவர்கள் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

முன்வரிசையில் கம்பெனிக்காரர் பில்ப்ரோவின் பக்கம் சாய்ந்தார்.

"என்ன படிக்கறாங்க?"

"பெயர்கள்."

"எதோட பெயர்கள்?"

"மனிதர்களோட. நூத்திப் பத்து ஆயிருக்கு. இன்னும் வந்துக்கிட்டிருக்காங்க."

"ஆளே இல்லன்னு எழுதியிருந்தீங்க."

"ஆய்வின்போது இல்ல," என்றார் பில்ப்ரோ.

கம்பெனிக்காரர் தோல்பையைத் திறந்து, உள்ளே இருந்த காகிதங்களை ஒருமுறை பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார். அமைச்சரைத் தொட்டுக் கூப்பிட்டார். "திங்கட்கிழமை நான் வரல. குடியிருக்கறவங்க உள்ள எடத்துல நான் கட்டறதில்ல. உங்ககிட்ட நிஜமாவே காலியா ஒண்ணு இருந்தா எழுதுங்க."

அமைச்சர் நபுவாக்கா கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார். நூற்று முப்பதாவது பெயர் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் சோர்ந்துபோகிறவர் இல்லை என்பதைக் காட்டினார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, கையிலிருந்த 'நமது நாடு: ஒரு பார்வை'யை எட்டாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்ட ஆரம்பித்தார். விரல் ஒவ்வொரு தீவின் பெயருக்கு எதிரேயும் இறங்கி, 'மக்கள்' என்ற இடத்தில் நின்று, கீழே போனது. ஒன்பதாம் பக்கத்தின் அடியில் அது அசையாமல் நின்றுவிட்டது.

பெரேயா அதைப் பார்த்துவிட்டாள். கடைசி ஆட்டக்காரி பெயர் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்து, ஒலிபெருக்கியைக் கம்பியோடு இழுத்துக்கொண்டு போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எந்தத் தீவப் பாத்துக்கிட்டிருக்கீங்க, டென் நபுவாக்கா?" என்று அதில் கேட்டாள். "பேரச் சொல்லுங்க. அவங்களும் ரேடியோ கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க."